உஷார்! மெயிலில் பூட்டு தெரிகிறது, சாவி யாருடையது?

மெயில் எழுத உட்காருகிறீர்கள். பெறுநரின் முகவரியை அடித்து முடிப்பதற்குள் திரையின் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் தானாக வந்து நிற்கிறது. நீங்கள் அவரிடம் சாவி எதுவும் கேட்டு வாங்கவில்லை. எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. ஆனாலும் இந்த மெயில் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும் என்று ஆப் சொல்கிறது. உடனே மனசு லேசாகி, வேறு யார் கண்ணிலும் படக் கூடாத விஷயத்தை எழுத ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மெயில் ஏதோ ஒரு சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சாவி நீங்கள் நினைக்கிற ஆளுடையதுதானா என்பதை அது சொல்லவில்லை. பல ஆப்களில் அந்த ஆப்புக்கே அது தெரியாது. சாவியைத் தேடிப் பிடித்தது நீங்கள் அல்ல; எப்போதோ வந்த ஒரு மெயிலிலிருந்து ஆப் தானாக எடுத்து வைத்துக்கொண்டது. அந்த மெயில் வழியில் யார் கையிலும் மாட்டாமல் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், அவர்களுக்குத் தகவல் தருபவர்கள், மருத்துவர்கள், ஆடிட்டர்கள், தொழிற்சங்கக்காரர்கள் ஆகியோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டுப் படத்தை நம்பி எழுதிய ஒரு வரி இவர்களில் யாருக்காவது வேலையைப் பறிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் முன்வைத்த யோசனையை வைத்து, 1991-இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவி என்பது, நீங்கள் ஊரெல்லாம் கொடுத்துவைத்த திறந்த பூட்டு மாதிரி. யார் வேண்டுமானாலும் அதை அழுத்திப் பூட்டி உங்களுக்கு அனுப்பலாம். திறக்கிற ரகசியச் சாவி உங்களிடம் மட்டும். இதன் பின்னால் உள்ள கணிதம் பலமானது. அதை உடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் உடைக்கத் தேவையே இல்லை. உங்கள் நண்பரின் பூட்டு என்று சொல்லி ஒருவன் தன் பூட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் போதும். நீங்களே அவனுக்காகப் பூட்டி அனுப்பிவிடுவீர்கள். முழு ஆபத்தும் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கைமாற்றம் மனிதர்களுக்கு எப்போதும் கஷ்டமாகவே இருந்திருக்கிறது. 1999-இல் அல்மா விட்டன், டைகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். மெயிலில் பழக்கமுள்ள 12 பேரை உட்கார வைத்து, பிஜிபி 5.0 மென்பொருளைக் கொடுத்து, ஒரு ரகசியச் செய்தியைப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். 90 நிமிட அவகாசம். கையெழுத்திட்டு, சரியாகப் பூட்டி அனுப்ப முடிந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். பூட்டிவிட்டோம் என்ற நினைப்பில் திறந்த கடிதத்தை அனுப்புவதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

இந்தக் கஷ்டம் வரலாற்றையே கொஞ்சம் தள்ளிப்போட்டது. 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், சின்சின்னாட்டஸ் என்ற புனைபெயரில் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு எழுதினார். அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் பிஜிபி போடுங்கள் என்று கேட்டார். கிரீன்வால்டு போடவில்லை. வேலை நெருக்கடி, அதோடு, அந்த மென்பொருள் பார்த்தாலே மலைப்பைத் தருவது. ஸ்னோடன் வேறு வழியில்லாமல் ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ரஸைத் தேடிப் போனார்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2013 ஜனவரியில் போய்ட்ரஸின் பொதுச் சாவியைப் பெற ஸ்னோடன் நாடியது மைக்கா லீ என்ற கணினி நிபுணரை. அவருக்கு எழுதிய முதல் மெயிலில் தன்னுடைய சாவியை இணைக்க ஸ்னோடனே மறந்துவிட்டார். பிறகு போய்ட்ரஸின் சாவி கிடைத்தது. அதோடு ஸ்னோடன் திருப்தி அடையவில்லை. அந்தச் சாவியின் விரல்ரேகையை, அதாவது ஒவ்வொரு சாவிக்கும் உரிய அந்த நீண்ட எழுத்து வரிசையை, ட்விட்டரில் வெளிப்படையாகப் போடச் சொன்னார். மைக்கா லீ போட்டார். மெயிலில் வந்த சாவியும் ட்விட்டரில் தெரிந்த ரேகையும் ஒத்துப்போன பிறகுதான் ஸ்னோடன் அடுத்த அடி வைத்தார். மெயில் வழியாக வந்த சாவியை அதே மெயிலை வைத்து நம்ப முடியாது என்பது, உளவு அமைப்புக்குள்ளேயே வேலை பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நம் மெயில் ஆப்கள் தானாகச் செய்கிற வேலையில் காணாமல் போயிருப்பது துல்லியமாக இந்த இரண்டாவது அடிதான்.

தானியங்கிச் சாவிப் பரிமாற்றத்தில் பரவலாகப் பேசப்படுவது ஆட்டோகிரிப்ட். அதன் முதல் நிலை விதிமுறை 2017 டிசம்பரில் வந்தது. எனிக்மெயில், கே-9 மெயில், டெல்டா சாட் போன்ற மென்பொருள்கள் அதை ஏற்றுக்கொண்டன. செயல்படும் விதம் எளிமையானது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில், உங்கள் முகவரியும் பொதுச் சாவியும் சேர்ந்து போகும். பெறுபவரின் ஆப் அதை எடுத்து, உங்கள் பெயருக்கு எதிரே சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளும். இரண்டு பேருமே பூட்டி அனுப்பவே விருப்பம் என்று செட்டிங்கில் வைத்திருந்தால், அடுத்த மெயிலிலிருந்து பூட்டு தானாக விழும். பூட்டி வந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் அதுவும் பூட்டித்தான் போகும்.

கேள்வியே கேட்கக் கூடாது என்பது இதன் கொள்கை. கேள்வி கேட்டால் மனிதர்கள் குழம்புவார்கள், குழம்பினால் பூட்டே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். விட்டன், டைகர் பரிசோதனையைப் பார்த்தால் அந்த எண்ணத்தில் தவறு சொல்ல முடியாது. வழியில் போகிற மெயில்களை எல்லாம் சும்மா அள்ளிச் சேமித்து வைக்கிறவர்களுக்கு எதிராக இது உண்மையிலேயே நல்ல பாதுகாப்பு. முன்பு வெட்டவெளியில் போன மெயில் இப்போது பூட்டி மூடிப் போகிறது. இந்த நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதை வடிவமைத்தவர்களே எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவனிடமிருந்து மட்டுமே இது காக்கும். நடுவில் புகுந்து மெயிலை மாற்றுகிறவனிடமிருந்து முதல் நிலை ஆட்டோகிரிப்ட் காப்பாற்றாது. விதிமுறையில் வெளிப்படையாக இருக்கிற இந்த வாக்கியம் உங்கள் திரையில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. பூட்டுப் படம் மட்டும் இருக்கிறது.

நடுவில் புகுவது எப்படி என்று பார்ப்போம். ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்கு மெயில் அனுப்புகிறார். தலைப்பகுதியில் அவருடைய சாவி. வழியில் இருக்கிற சர்வர் ஒன்று அந்தச் சாவியை எடுத்துவிட்டுத் தன் சாவியை அந்த இடத்தில் வைத்து அனுப்புகிறது. கட்சிக்காரரின் ஆப் அதை வழக்கறிஞரின் சாவி என்றே நம்பிச் சேமிக்கிறது. எதிர்த்திசையிலும் இதே வேலை. இனி கட்சிக்காரர் பூட்டி அனுப்பும் ஒவ்வொரு பதிலையும் அந்த சர்வர் தன் சாவியால் திறந்து படித்துவிட்டு, வழக்கறிஞரின் உண்மையான சாவியால் மறுபடி பூட்டி அனுப்பும். இரண்டு பேருக்கும் மெயில் ஒழுங்காகத் திறக்கிறது. இரண்டு பேர் திரையிலும் பூட்டு. மாதக்கணக்கில் நடந்தாலும் இருவருக்கும் ஒரு சின்னச் சந்தேகம்கூட வராது.

சர்வர்கூட வேண்டாம். மெயிலின் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் தடுக்க டிகிம், டிமார்க் என்று தடுப்புகள் வந்திருக்கின்றன; எல்லா நிறுவனங்களும் அவற்றைக் கண்டிப்புடன் அமல்படுத்துவதில்லை. ஆட்டோகிரிப்ட் முறைப்படி, ஒரே முகவரியிலிருந்து புதிய தேதியுடன் புதிய சாவி வந்தால், பழையது போய்ப் புதியது உட்காரும். போன் தொலைந்து புதுச் சாவி உருவாக்கியவர் அவதிப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி அது. அதே விதி, உங்கள் நண்பர் பெயரில் நன்றாகத் தயாரித்த ஒரு போலி மெயிலை அனுப்புகிறவனுக்கும் பொருந்திவிடுகிறது. ஸ்பேம் வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நண்பரிடமிருந்து சாவியோடு வந்த கடைசி மெயிலுக்கும், சாவி இல்லாமல் வந்த மெயிலுக்கும் இடையே 35 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், அவர் அந்த ஆப்பை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று முடிவு செய்து, பூட்டுவதை ஆப் பரிந்துரைக்காது. நேற்றுவரை வந்த பூட்டு இன்று வராமல் போவதை எத்தனை பேர் கவனிப்போம்?

இது ஆட்டோகிரிப்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அலுவலகங்களில் பரவலாக இருக்கும் எஸ்மைம் முறையிலும் இதே கதை. 2020-இல் ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, சில மெயில் மென்பொருள்கள் வருகிற மெயிலில் உள்ள சான்றிதழைத் தானாக நிறுவிக்கொள்வதையும், அதை வைத்து ஒருவருடைய சாவியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியும் என்பதையும் காட்டியது. அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், எனிக்மெயிலில் இருந்த ஒரு தானியங்கி வசதி விண்டோஸ் கணினிகளில் மெயிலைப் பூட்டுவதாகக் காட்டிவிட்டுத் திறந்தே அனுப்பியதை ஜெர்மன் கணினி இதழ் ஒன்று அம்பலப்படுத்தியது.

‘என் மெயிலை நடுவில் நின்று மாற்றுகிற அளவுக்கு யாருக்கு அக்கறை?’ என்று நினைக்கலாம். நடுவில் யாரும் புதிதாக வந்து நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நிற்கிறார்கள். உங்கள் மெயில் சேவை நிறுவனம் நிற்கிறது. அலுவலக மெயில் என்றால் ஐடி பிரிவு நிற்கிறது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். நீதிமன்ற உத்தரவோ அரசு உத்தரவோ வந்தால் நல்லவர்களும் செய்தாக வேண்டும்.

கனடாவின் ஹஷ்மெயில், பூட்டிய மெயிலை எங்களாலேயே படிக்க முடியாது என்ற பெயரோடு இயங்கிய சேவை. 2007-இல், ஊக்கமருந்து வழக்கு ஒன்றில், நீதிமன்ற உத்தரவின்பேரில் மூன்று கணக்குகளின் மெயில்களைத் திறந்து 12 சிடிக்களில் ஒப்படைத்தது. பயனர் அவர்களுடைய இணையப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்ததால், சர்வர் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

டெக்சாஸ் மாநிலத்தின் லாவாபிட்டுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. ஸ்னோடன் அந்தச் சேவையைப் பயன்படுத்தினார் என்பதால் 2013-இல் அமெரிக்க அரசு அதன் சர்வரின் ரகசியச் சாவியையே கேட்டது. ஒரு கணக்குக்காக, சுமார் 4 லட்சம் பேரின் தகவல் தொடர்பைத் திறக்கக்கூடிய சாவி. உரிமையாளர் லாடர் லெவிசன் அதை 11 பக்கங்களில், கண்ணுக்கே தெரியாத 4 புள்ளி எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை, மின்வடிவில் தரும்வரை நாளொன்றுக்கு 5,000 டாலர் அபராதம் என்றது. சாவியைக் கொடுத்த கையோடு, ஆகஸ்ட் 8 அன்று சேவையையே மூடினார். அவரைப்போல் மூடிவிட்டுப் போகிற துணிச்சல் எத்தனை நிறுவனங்களுக்கு இருக்கும்?

2020-இல் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம், மிரட்டல் வழக்கு ஒன்றுக்காக டுட்டனோட்டா சேவையை ஒரு கணக்கைக் கண்காணிக்கச் சொன்னது. அவர்களால் தர முடிந்தது பூட்டாமல் வந்து சேர்ந்த மெயில்களைத்தான். இரு முனைகளுக்கு இடையே பூட்டி வந்தவற்றை அவர்களாலும் திறக்க முடியவில்லை. சரியான சாவியால் பூட்டிய மெயிலின் பலம் இதில் தெரிகிறது. ஆகவே பூட்டுவதை விட்டுவிடாதீர்கள். சாவியைச் சரிபார்த்துப் பூட்டுங்கள்.

அரசுகளுக்கும் இந்தப் பலவீனம் நன்றாகத் தெரியும். 2018 நவம்பரில் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவைச் சேர்ந்த இரண்டு மூத்த அதிகாரிகள் வெளிப்படையாகவே ஒரு யோசனையை எழுதினார்கள். குறியாக்கத்தை உடைக்க வேண்டாம். யாருக்கு யார் சாவி என்று தீர்மானிக்கிற சேவை நிறுவனம், உரையாடலில் ஒரு காவல்துறை ஆளைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டால் போதும் என்றார்கள். அந்த மூன்றாவது ஆள் யார் திரையிலும் தெரியமாட்டார். எதிர்ப்பு பலமாக வந்தது. ஆனால் அந்த யோசனை எந்த இடத்தைக் குறிவைத்தது என்று பாருங்கள்: தானாக நடக்கும் சாவிப் பரிமாற்றத்தை. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, இடைமறிக்கவும் குறியாக்கத்தைத் திறக்கவும் உதவும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. உதவ மறுத்தால் ஏழு ஆண்டுவரை சிறை.

நாடு தழுவிய அளவில் பூட்டு கழற்றப்படுவதும் நடந்திருக்கிறது. மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது பூட்டிப் பேசலாமா என்று தானாகவே கேட்டுக்கொள்ளும். அந்தக் கேள்வியை வழியில் அழித்துவிட்டால் இரண்டு பக்கமும் ஆட்சேபிக்காமல் பூட்டாத முறைக்கு இறங்கிவிடும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்குப் போன மெயில்களில் 96 சதவீதத்துக்கு மேல் இப்படிப் பூட்டு கழற்றப்பட்டுப் போனதைக் கண்டறிந்தது. அனுப்பியவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கேள்வி கேட்காத தானியங்கி, தோற்கும்போதும் சத்தம் போடாது.

சரி, சாவியை மெயிலிலிருந்து எடுக்காமல் பொதுச் சாவிக் கிடங்கிலிருந்து எடுத்தால்? அங்கேயும் உஷார். பழைய சாவிச் சர்வர்களில் யார் பெயரில் யார் வேண்டுமானாலும் சாவி ஏற்றலாம். ஏற்றியதை அழிக்கவும் முடியாது. 2014-இல் இரண்டு ஆய்வாளர்கள், விரல்ரேகையின் கடைசி எட்டு எழுத்துகள் மட்டும் ஒத்துப்போகிற போலிச் சாவியை ஒரு கிராஃபிக்ஸ் கார்டு 4 விநாடியில் தயாரித்துவிடும் என்று காட்டினார்கள். ஆபத்தைப் புரியவைக்கச் சுமார் 24,000 உண்மைச் சாவிகளுக்கு நகல் தயாரித்தார்கள். 2016-இல் யாரோ அந்த நகல்களைப் பொதுச் சர்வர்களில் ஏற்றிவிட்டார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரிலும் போலிச் சாவி கிடந்தது. 2019 ஜூனில், இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட இரண்டு பேரின் சாவிகளில் பல்லாயிரக்கணக்கான பொய்க் கையெழுத்துகளை யாரோ ஒட்டிவிட்டார்கள். அவற்றைத் தரவிறக்கிய மென்பொருள்கள் திணறி நின்றன. முகவரிக்கு மெயில் அனுப்பி உறுதிப்படுத்திக்கொண்டு சாவியைக் காட்டும் புதிய சர்வர் அதே மாதம் தொடங்கியது. முன்னேற்றம்தான். ஆனால் அது உறுதிப்படுத்துவது அந்த மெயில் பெட்டி யார் வசம் இருக்கிறது என்பதை மட்டும். உங்கள் நண்பரின் பாஸ்வேர்டு ஏற்கெனவே திருடனிடம் இருந்தால், அந்த உறுதியும் திருடனுக்கே.

எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற ஒரு தருணத்தைச் சொல்கிறேன். ஒருநாள் நண்பரிடமிருந்து பதில் வருகிறது: ‘நீங்கள் அனுப்பியது திறக்கவில்லை. பூட்டாமல் சாதாரணமாக அனுப்பிவிடுங்கள்.’ பத்துக்கு ஒன்பது பேர் அலுத்துக்கொண்டு அப்படியே அனுப்பிவிடுவோம். அவர் நிஜமாகவே போன் மாற்றியிருக்கலாம். அல்லது அவர் பெயரில் வேறொருவனின் சாவி உங்கள் ஆப்பில் ஏறியிருக்கலாம். அவனால் திறக்க முடிகிறது, நண்பரால் முடியவில்லை. அல்லது அந்த வேண்டுகோளை எழுதியதே நண்பர் அல்ல. மூன்றும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த நேரத்தில் மெயிலில் பதில் எழுதவே எழுதாதீர்கள். போனை எடுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கிற எண்ணுக்கு அடிக்கக் கூடாது. உங்களிடம் முன்பே இருக்கிற எண்ணுக்கு அடியுங்கள். சாவி மாற்றினீர்களா என்று கேளுங்கள். விரல்ரேகையைப் படிக்கச் சொல்லுங்கள்.

விரல்ரேகையைச் சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை. இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான பிஜிபி சாவிகளுக்கு அது 40 எழுத்துகள், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும். முழுவதையும் ஒப்பிடுங்கள். கடைசி எட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோம். நேரில் சந்திக்கும்போது பார்ப்பது உத்தமம். முடியாதபோது வீடியோ அழைப்பில் அவர் படிக்க நீங்கள் பார்க்கலாம். வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் விசிட்டிங் கார்டிலேயே அச்சிட்டு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பலர் ஆண்டுக்கணக்காகச் செய்கிறார்கள். ஒன்று மட்டும் கூடாது: சாவி வந்த அதே மெயில் வழியாக ரேகையையும் அனுப்பச் சொல்லி ஒப்பிடுவது. சாவியை மாற்றியவனுக்கு ரேகையை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

எந்த ஆப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். தண்டர்பேர்ட் 2020-இல் தன் 78-ஆம் பதிப்பில் பிஜிபியை உள்ளேயே சேர்த்தபோது, வந்த சாவியைத் தானாக நம்புவதில்லை என்று முடிவெடுத்தது. ஏற்க மறுக்கிறேன், பிறகு பார்க்கலாம், ஏற்கிறேன் ஆனால் சரிபார்க்கவில்லை, நேரில் சரிபார்த்துவிட்டேன் என்று நான்கு நிலைகளில் உங்களைக் கேட்கிறது. தொந்தரவாக இருக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு நேர்மையாகப் படுகிறது. ஆனால் எரிச்சலில் நான்காவதை அழுத்திவிட்டுப் போகாதீர்கள். சரிபார்க்காததைச் சரிபார்த்தேன் என்று உங்கள் கையாலேயே பொய் பதிவாகும். டெல்டா சாட்டில் இருவர் நேரில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சாவியை உறுதிப்படுத்தலாம். 2024-இல் சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிலும் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள்; அவை திருத்தப்பட்டன. அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேராது.

உங்கள் ஆப் எதுவானாலும் அதன் செட்டிங்கில் போய் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒருவருடைய சாவி மாறினால் எச்சரிக்கை வருமா? அவருக்கென்று சேமித்த சாவியின் ரேகையை எங்கே பார்க்கலாம்? இரண்டுக்கும் பதில் கிடைக்காத ஆப், தானாகப் பூட்டுகிறது என்பதற்காக முக்கியமான ரகசியத்துக்கு லாயக்கு ஆகிவிடாது. அலுவலகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும்.

குழு மெயிலில் கூடுதல் கவனம் வேண்டும். பூட்டிய குழு மெயிலில், எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுத வசதியாக, அனுப்புகிறவரின் ஆப் மற்றவர்களின் சாவிகளையும் உள்ளே சேர்த்து அனுப்பும். ஒருவரிடம் தவறான சாவி ஏறியிருந்தால், நேரடிச் சாவி இல்லாத மற்றவர்களிடமும் அது பரவும். குழுவில் ஒருவராவது எல்லோர் ரேகையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பூட்டு சரியாக இருந்தாலும் அது மறைக்காதவை உண்டு. யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது வழியெங்கும் தெரியும். பழைய முறையில் பூட்டினால் பொருள் வரியும் தெரியும். ஆகவே பொருள் வரியில் விஷயத்தை எழுதாதீர்கள். 2018 மே மாதம் வெளியான ஈஃபெய்ல் ஆய்வு, மெயிலுக்குள் வெளிப் படங்களைத் தானாகக் காட்டும் வசதியைக் கருவியாக்கி, பெறுநரின் ஆப்பே பூட்டைத் திறந்து உள்ளடக்கத்தைத் திருடனுக்கு அனுப்பிவைக்கச் செய்ய முடியும் என்று காட்டியது. வெளிப் படங்கள் தானாக இறங்குவதை இன்றே நிறுத்துங்கள். ரகசியச் சாவி ஒருமுறை பறிபோனால், அதற்குப் பூட்டி வந்த பழைய மெயில்கள் அத்தனையும் திறந்துகொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, புது போன் வாங்கும்போது. ஆட்டோகிரிப்டில் உங்கள் ரகசியச் சாவியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அந்தச் சாவியே ஒரு மெயிலாக உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும்படி போகும். அதைத் திறக்க 36 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும்; நான்கு நான்காக ஒன்பது தொகுதிகள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், எடுத்தால் அது உங்கள் மெயில் இருக்கும் அதே கணக்கில் பேக்கப் ஆகி, பூட்டும் திறவுகோலும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். புதிய கருவியில் எண்ணை அடித்து முடித்ததும் அந்த மெயிலை இன்பாக்ஸ், சென்ட், டிராஷ் மூன்றிலிருந்தும் அழித்துவிடுங்கள். காகிதத்தைக் கிழித்துப்போடுங்கள். நீங்கள் கேட்காமலேயே இப்படி ஒரு மெயில் உங்கள் பெட்டிக்கு வந்திருந்தால், உங்கள் கணக்கில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அந்த மெயிலைத் திறக்க முயலாமல், முதலில் வேறொரு கருவியிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள்.